நீ ஏசியதற்குக் கை தட்டினார்கள்

இந்தப் புத்தகம் வந்து பத்து நாளாகிறது, இன்னும் மை வாசம் போகவில்லை. கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தார்கள். ஹற்றன் அலுவலகத்தில் நான்தான் பெட்டியைப் பிரித்தேன். வழுவழுப்பான தாள், கலர் கலராகப் படங்கள். நல்லிணக்கக் கருத்திட்டம் முடிந்துவிட்டதற்கான இறுதி அறிக்கையாம். மேலட்டையில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

உன் வாய் திறந்திருக்கிறது. வலது கை தலைக்கு மேலே நிற்கிறது. கழுத்து நரம்பு புடைத்திருப்பதுகூடத் தெரிகிறது. பக்கத்தில் கீழ்க்கிராமத்துச் சோமா அக்கா உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். படத்துக்குக் கீழே மூன்று மொழியிலும் ஒரே வாசகம்: “முன்பு நாங்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருந்தோம். இன்று எங்கள் இதயங்கள் இணைந்துவிட்டன.” அதற்கும் கீழே சின்ன எழுத்தில், “பயனாளி ஒருவர், நுவரெலியா மாவட்டம்.”

பயனாளியாம்! என்ன பயனைக் கண்டாய் நீ? ஒரு தொப்பி, ஒரு டீ சேர்ட், ஐந்தாறு சோற்றுப் பார்சல். அதற்குமேல் என்ன கிடைத்தது உனக்கு?

அந்த வாசகத்தை நீ சொல்லவில்லை. நீ ஏசினாய். வாய்க்கு வந்தபடி ஏசவில்லை, நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஏசினாய். அதை இங்கிலீசில் நன்றியாக மாற்றிச் சொன்னவள் நான். அவர்கள் அதை எழுதிக்கொண்டு போய், மறுபடியும் தமிழாக்கி, உன் வாயில் வைத்து அச்சடித்துவிட்டார்கள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நேரில் வந்து உன் காலைப் பிடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். உன் பெயரை மட்டும் எழுதமாட்டேன். உன் பெயரை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கி, வேண்டிய மட்டும் தாளில் நிரப்பிவிட்டேன், போதும்.

நாம் இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் பிறந்தவர்கள். நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரைவரை போகாத சுவர். உங்கள் பக்கம் கருவாடு பொரித்தால் எங்கள் பக்கம் சோறு கூடுதலாக இறங்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். கணக்கில் நீ கெட்டிக்காரி, நான் உன்னைப் பார்த்து எழுதியவள். உன் அப்பா மலையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட வருஷம், நீ சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே கொழுந்து எடுக்கப் போனாய். நான் ஹற்றனில் மாமா வீட்டில் தங்கி உயர்தரம் படித்து, இங்கிலீசு படித்து, சிங்களமும் படித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் ஆனேன். லயத்துக்கு வரும்போதெல்லாம் ஆட்கள் என்னை “மிஸ்” என்பார்கள். நீ எப்போதும் “ஏ புள்ள” என்றுதான் கூப்பிடுவாய். கோபம் வந்தால் மட்டும் நீயும் “மிஸ்” என்பாய்.

லயத்திலிருந்து பாதை இறங்கி, சிங்களக் கிராமத்துக்குள் நுழைந்து, சோமா அக்காவின் கடையைத் தாண்டி, அப்புறம் ஒன்றரை மைல் போய் மெயின் ரோட்டில் ஏறும். அந்த ஒன்றரை மைல்தான் சனியன். மழை பெய்தால் பாதை எது, தண்ணீர் ஓடும் கான் எது என்று தெரியாது. தோட்டத்து ஆபீசில் கேட்டால் அது பிரதேச சபையின் பாதை. பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்துப் பாதை. இரண்டு பக்கமும் நாம் எத்தனை தடவை மனுக்கொடுத்தோம்! ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவன் வந்து முழங்கால்வரை காற்சட்டையை மடித்துக்கொண்டு நின்று படம் எடுத்துவிட்டுப் போவான்.

அதனால் நாம் யாரையும் எதிர்பார்க்கவில்லை. சித்திரை வருஷப் பிறப்பு தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒன்றுதானே, அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பாதை வெட்டு. யார் தொடங்கி வைத்தார்கள் என்று கிராமத்திலும் தெரியாது, லயத்திலும் தெரியாது. கிராமத்து ஆட்கள் மண்வெட்டியோடு வருவார்கள், நம் ஆட்கள் அலவாங்கோடும் கூடையோடும் இறங்குவார்கள். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒரு லொறி கல் அனுப்புவார். நீ பாதை நடுவில் நின்றுகொண்டு ஆம்பிளைகளை விரட்டுவாய். “ஏய், அந்தக் கல்ல என்னா கொஞ்சிக்கிட்டு இருக்க, தூக்கிப் போடு!” என்று நீ கத்துவது கிராமத்துக்கே கேட்கும். வேலை முடிந்ததும் சோமா அக்கா வீட்டுக் கிரிபத் பாற்சோறு, நம் பக்கத்து இடித்த சம்பல். கை கழுவக்கூட நேரமில்லாமல் சாப்பிடுவோம்.

சோமா அக்காவுக்கும் உனக்கும் உள்ள கதை ஊருக்கே தெரியும். அந்த இனக் கலவரத்தில் வெளியூரிலிருந்து வந்தவன்கள் லயத்துக்குத் தீ வைக்க ஏறியபோது, உன் அம்மா கைக்குழந்தையான உன்னைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். சோமா அக்காவின் அப்பா விறகு மடுவத்துக்குள் மூன்று நாள் ஒளித்து வைத்துச் சோறு போட்டார். நீ அழுதுவிடக் கூடாது என்று, அப்போது பத்து வயதுப் பிள்ளையான சோமா அக்கா உன்னை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தாராம். இதை நீ பெருமையாகச் சொல்லித் திரிந்ததில்லை. அவரும் சொன்னதில்லை. கடனுக்குச் சீனி வாங்கப் போகும்போது நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் அரைத் தமிழும் அரைச் சிங்களமும் வேறு யாருக்கும் விளங்காது.

இந்த இடத்துக்குத்தான் நான் சமாதானத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெளிநாட்டு நிதி வருகிறது, போர் முடிந்த நாட்டில் இனங்களுக்கிடையில் நல்லிணக்கம் வளர்க்க வேண்டும், பொருத்தமான இடங்களைச் சொல்லுங்கள் என்று எங்கள் பணிப்பாளர் கேட்டார். நம் இடத்தைச் சொன்னேன். “அங்க இனங்களுக்கு இடையில பதற்றம் ஏதாவது இருக்கா?” என்றார். ஒன்றும் இல்லை, நல்ல ஒற்றுமை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். “அப்ப எப்படி மிஸ்? பதற்றமே இல்லாத இடத்துக்கு என்னான்னு சொல்லி நிதி கேக்கிறது?”

நான் யோசித்தேன். பணம் வந்தால் எப்படியாவது பாதைக்குத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். பாரேன் என் புத்தியை! சோமா அக்காவின் தம்பியுடைய ஆடு நம் லயத்துத் தோட்டத்தில் போஞ்சியை மேய்ந்ததற்கு, கடைசிக் காம்பரா மாணிக்கம் அண்ணன் போய் ஏசினாரே, அது ஞாபகம் வந்தது. அதை எழுதினேன். “எல்லை தொடர்பான இன முறுகல்” என்று எழுதினேன். பணிப்பாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நிதி கிடைத்த செய்தியைச் சொல்ல ஓடி வந்தபோது நீ காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து வந்துகொண்டிருந்தாய். “ரோட்டுக்கா?” என்று கேட்டாய். முதல் கேள்வியே அதுதான். “மொதல்ல வரட்டும், அப்பறம் கேட்டுக்கலாம்” என்றேன். அப்புறம் நான் கேட்டபோது பணிப்பாளர் சிரித்தார். “ரோடு நம்ம வரம்புக்குள்ள வராது. அது வேற பண்ட். நம்ம வேலை மனங்கள இணைக்கிறது.”

மனங்களை இணைக்கத் தொடங்கினோம். வாசிகசாலையில் செயலமர்வு. தமிழர் ஒரு பக்கம், சிங்களவர் ஒரு பக்கம் இருக்க வேண்டும், பிறகு கலந்து இருக்க வேண்டும். ஆளுக்கொரு தாளும் கலர்ப் பென்சிலும் கொடுத்து, “உங்கள் மனதிலுள்ள காயத்தை வரையுங்கள்” என்றார் வந்த பயிற்றுநர். நீ தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாய். பிறகு ஆட்டுச் சண்டையை நாடகமாக நடித்துக் காட்டச் சொன்னார். மாணிக்கம் அண்ணன் கூச்சத்தில் நெளிந்தார். நீ எழுந்து நின்றாய். “ஆடு மேஞ்சிச்சு, இவரு ஏசினாரு, அவரு திருப்பி ஏசினாரு, அந்தியில ரெண்டு பேரும் ஒரே பெட்டில பீடி எடுத்துக் குடிச்சாங்க. இதுல எனம் எங்கருந்துங்க வந்திச்சு?” எல்லாரும் சிரித்தார்கள். பயிற்றுநர், “உணர்ச்சிகள் வெளிப்படுகின்றன, நல்லது” என்று எழுதிக்கொண்டார்.

சோமா அக்காவின் தம்பி சிரிக்கவில்லை. செயலமர்வில் கொடுத்த திட்டக் குறிப்பை அவன் சிங்களத்தில் வாசித்துவிட்டான். தன் ஆடு இனப் பிரச்சினையாகிவிட்டதை அன்றைக்குத்தான் அறிந்தான். “நீங்க எங்கள அப்படியா நெனைக்கிறீங்க?” என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டான். நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு நம் ஆட்கள் யாரும் பீடிக்குத் தீப்பெட்டி கேட்டால்கூட அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அது போதாதென்று பாதை வெட்டையும் எடுத்துக்கொண்டோம். அது “கூட்டுச் சிரமதானம்” ஆகிவிட்டது. பதாகை, தொப்பி, டீ சேர்ட், பெயர்ப் பட்டியல். பட்டியலில் “இனம்” என்று ஒரு நிரல். இரண்டு இனமும் சரிசமமாக இருக்க வேண்டும் என்பது விதி. கிராமமோ சின்னது, லயத்திலோ ஆட்கள் அதிகம். கூடையும் அலவாங்குமாக வந்த நம் கிழவன்மாரை, தமிழர் எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று நானே திருப்பி அனுப்பினேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எந்த அறிக்கையில் எழுதுவது? கல் கொண்டுவந்த நானாவிடம் பட்டியலை நீட்டி, இனத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். “நான் கல்லுதான் கொண்டாந்தேன் தங்கச்சி, எனத்தக் கொண்டாரல்ல” என்று சொல்லிக்கொண்டே போட்டார். அன்று பதாகைக்கு முன்னால் இருந்த துண்டில் மட்டும்தான் வேலை நடந்தது, படம் அங்கேதான் நன்றாக விழுந்தது.

அடுத்த சித்திரைக்கு அந்தத் தலைப்பில் பணம் இல்லை, வேறு தலைப்புக்கு மாற்றிவிட்டார்கள். நான் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கிராமத்து ஆட்கள் நம் ஆட்கள் வருவார்கள் என்று பார்த்திருந்தார்கள். நம் ஆட்கள் அலுவலகத்து ஜீப் வரும் என்று பார்த்திருந்தார்கள். மத்தியானம்வரை பார்த்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அந்த வருஷம் பாதை வெட்டு நடக்கவில்லை. பின்னேரம் நீ போன் எடுத்தாய். “நீங்க வந்து தொடங்கி வப்பீங்கன்னு இருந்துட்டோம், மிஸ்” என்றாய்.

நம்முடைய வேலையை நம் கையிலிருந்து பிடுங்கி, அதற்குப் பெயர் சூட்டி, படம் எடுத்து, பிறகு நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போனார்கள். பிடுங்கிக் கொடுத்த கை என் கை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருஷத்து மழைக்குப் பாதை அரித்து, கல்லெல்லாம் பள்ளத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நிதி கொடுத்த நாட்டிலிருந்து பார்வையிட வந்தார்கள். இரண்டு ஜீப்பும் சோமா அக்கா கடைக்குக் கீழேயே சேற்றில் இறங்கிவிட்டன. அவர்கள் இறங்கிச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நடந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. பணிப்பாளர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “இந்த விசிட் நல்லா போனாத்தான் அடுத்த கட்டம். உங்க கொன்ராக்டும் அதிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.”

லயத்து முன்னால் கதிரை போட்டோம். வந்தவர்களில் மூத்த அம்மா, இந்தத் திட்டம் உங்கள் வாழ்க்கையில் என்ன மாற்றத்தைக் கொண்டு வந்தது என்று கேட்டார். நீ எழுந்தாய். நீ பேசியதை நான் ஒரு எழுத்து மறக்கவில்லை.

“இவங்ககிட்ட சொல்லு, புள்ள. எங்களுக்குள்ள சண்டை கெடயாது. சண்டை இருக்குன்னு எழுதுனது நீங்கதான். நான் கைக்கொழந்தையா இருக்கப்ப இந்த அக்கா வீட்டுலதான் என் உசிரு தப்பிச்சிச்சு, எங்களுக்குச் சமாதானம் யாரும் வந்து சொல்லித் தர வேணாம். வருசா வருசம் நாங்களா சேந்து வெட்டுன ரோடு இது. நீங்க வந்து அதயும் கெடுத்துட்டீங்க. நீங்களே இப்ப செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுத்தான வந்தீங்க? ஒரு புள்ளத்தாச்சிய, ஒரு நோயாளிய இதுல எப்படிங்க கொண்டு போறது? கிராமத்து ஆளும் இதுலதான் போறாங்க, நாங்களும் இதுலதான் போறோம். படம் வரைய வச்ச காசுக்குக் கல்லு கொட்டியிருந்தீங்கன்னா ரெண்டு சனமும் ஒங்களக் கும்பிட்டிருக்கும். எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். ரோட்டப் போட்டுக் குடுங்க.”

கையை உயர்த்தி நீ அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோதுதான் கேமராக்காரன் படம் எடுத்தான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பணிப்பாளரும் பார்த்தார். என் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது இங்கிலீசு. முன்பு ஒருவரையொருவர் அறியாமல் இருந்தோம், இப்போது இதயங்கள் இணைந்துவிட்டன, உங்கள் உதவிக்கு நன்றி, எதிர்காலத்தில் பாதை வசதியும் மேம்படும் என்று நம்புகிறோம். அவ்வளவுதான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள்.

நீ அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாய். அவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் கொண்டு போனாய்.

“நான் அவ்வளவு நேரம் பேசினேன், நீ ரெண்டு வரில முடிச்சிட்ட.”

“இங்கிலீசுல சுருக்கமாத்தான்டி வரும்.”

“எனக்கு இங்கிலீசு தெரியாது, மிஸ். ஆனா ஏசுனதுக்கு எவனாச்சும் கை தட்டுவானா?”

நீ வேறொன்றும் கேட்காமல் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் லயத்துக்கு வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டிச் சத்தம்தான் கேட்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயே ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் அழுதேன். “சரி விடு, ஏ புள்ள” என்றாய். “வேலையக் காப்பாத்திக்கிட்ட. வீட்ட பாக்கணுமில்ல, தப்புன்னு சொல்லல. ஆனா நான் சொன்னது இன்னும் சொல்லாமலே கெடக்கு. என்னைக்காச்சும் சொல்லிரு.” சொல்கிறேன் என்றேன். நீ என்னை நம்பினாய். இரண்டாவது தடவையும் நம்பினாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு அடுத்த இரண்டாம் மாதம் குளவி கொட்டியது. மேல்மலையில் காலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது கூடு கலைந்ததாம். எல்லாரும் ஓடினார்கள். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி கானில் விழுந்துவிட, நீ திரும்பி வந்து இடுப்பில் கட்டியிருந்த உன் படங்குச் சாக்கை அவிழ்த்து அவள் தலையில் போட்டிருக்கிறாய். அவளுக்கு ஏழெட்டுக் கொட்டுத்தான். உனக்கு எண்ண முடியவில்லை என்றார்கள்.

தோட்டத்து லொறி கொழுந்தோடு பக்டரிக்குப் போயிருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார்கள். அது நல்ல வேகமாகத்தான் வந்தது. மெயின் ரோட்டுச் சந்தியில் வந்து நின்றது. அதற்குமேல் ஏற முடியாது. கிராமத்தில் இருந்த ஒரே ஆட்டோவில் உன்னை ஏற்றியிருக்கிறார்கள், அரை மைல் வருவதற்குள் அதன் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பிறகு கம்பளியைத் தடியில் கட்டி, உன்னை அதில் போட்டுத் தூக்கினார்கள்.

எனக்குச் சோமா அக்காதான் போன் எடுத்தார். நான் ஹற்றனிலிருந்து பறந்து வந்து அந்தச் சந்தியில், ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்றேன். டிரைவர் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். நேரம் போகப் போக அவருக்கே பொறுக்காமல், இன்னொரு ஆளோடு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். கடைசி வளைவில் ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது. முன்பக்கத் தடியைத் தோளில் வைத்திருந்தவன் சோமா அக்காவின் தம்பி. முழங்கால்வரை சேறு. பின்னால் மாணிக்கம் அண்ணன். சோமா அக்கா பக்கத்தில் ஓடி ஓடி உன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “நங்கி, நங்கி, பொட்டக் இன்ன” என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். கொஞ்சம் இரு தங்கச்சி, கொஞ்சம் இரு. நீ இருக்கவில்லை. வளைவு திரும்புமுன்பே போய்விட்டாய்.

உன் சாவுக்குக் கிராமமே மேலே வந்தது. வழி நெடுக வெள்ளைக் கொடி கட்டியது அவர்கள்தான். போன சித்திரையில் யாரும் கூப்பிடாமலே இரண்டு பக்கமும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஏச ஒரு ஆளில்லாமல் ஆம்பிளைகள் அமைதியாக வேலை செய்தார்கள். போட்ட கல் வைகாசி மழைவரைதான் தாங்கியது.

இந்த நிலைமையில்தான் புத்தகம் வருகிறது. படத்தைப் பார்த்ததும் பணிப்பாளருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அந்தப் பெண் செத்துவிட்டது உங்களுக்குத் தெரியும்தானே, எப்படிப் போட மனசு வந்தது என்றேன். “படம் ரொம்ப உயிரோட்டமா இருந்திச்சு மிஸ். அவங்களுக்கும் ஒரு மரியாதைதானே” என்றார். எனக்குப் போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. மரியாதையாம். ஒன்றரை மைல் பாதைக்கு வழியில்லை, மேலட்டையில் மரியாதை!

போன வெள்ளிக்கிழமை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம். வேறொரு நாடு, வேறொரு நிதி, அதே நல்லிணக்கம். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். நம் பகுதியிலிருந்து சமூகப் பிரதிநிதியாகச் சோமா அக்காவையும் கூட்டி வந்திருந்தார்கள். எதிரில் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெண், நோட்டுப் புத்தகத்தோடு. பணிப்பாளர் உன் படம் போட்ட புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, “இவங்க கதைய நீங்களே சொல்லுங்க, மிஸ்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எழுந்தேன். இங்கிலீசில்தான் சொன்னேன். இந்தப் படத்துக்குக் கீழே இருப்பது இவள் பேச்சு இல்லை, நான் பயந்துபோய்ச் சொன்ன பொய் என்றேன். இவள் உண்மையில் சொன்னது இது என்று தொடங்கி, சண்டை இருக்கிறது என்று எழுதியது நாங்கள் என்பதிலிருந்து, செருப்பைக் கையில் பிடித்து நடந்தது, கெட்டுப்போன பாதை வெட்டு, படம் வரைய வைத்த காசு, எல்லாவற்றையும் நீ சொன்ன வரிசையிலேயே சொன்னேன். ஆட்டைப் பற்றி எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். “மிஸ், போதும்” என்றார் பணிப்பாளர். “இன்னும் முடியல சேர்” என்றேன். ரோட்டைப் போட்டுக் கொடுங்கள் என்ற கடைசி வார்த்தைவரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இனி என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாமல் போகட்டும்.

அந்தப் பெண் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு படத்தில் உன் முகத்தைத் தொட்டுக் காட்டி, மரியாதையாகத்தான் கேட்டாள்: “இவரை நான் சந்திக்க வேண்டும். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே போகலாமா?”

சோமா அக்கா என் முழங்கையைப் பிடித்து, என்ன கேட்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, உன்னோடு பேசும் அந்தத் தமிழிலேயே சொன்னார்: “அவ இல்ல. செத்தாச்சி. அந்த ரோட்டுலதான், என்ட கைலதான் செத்தாச்சி.”

அதையும் நான் அப்படியே இங்கிலீசில் சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. எனக்கு ஒழுங்காக மொழிபெயர்க்கத் தெரியும், அடியே. நீ உயிரோடு கையை நீட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்ற அன்றைக்கும் தெரியும். இந்த வாயை வைத்துக்கொண்டுதான் இனி நான் இருந்தாக வேண்டும்.